எந்தப் பக்கம் எழுத

ஜனவரி வரை பத்தில் ஒன்பது ஜெயித்திருந்தோம்.
பிறகு ஆறில் நான்கு.
இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு
ஃபஹாஹீலிலிருந்து மங்காஃப் வரை
வெள்ளிதோறும் வேனில் அடித்துக்கொள்கிறோம்.

கொடுத்தது ரெமிஜியுஸை.
ஐந்தடி நாலங்குலம், தூத்துக்குடி,
சாரம் கட்டும் கம்பெனி ஸ்டோரில் கிளிப் எண்ணுகிறவன்.
வாங்கியது குர்பாஸை.
ஆறடி ஆறங்குலம், கிரேன் ஆப்பரேட்டர்.
தரையில் நின்றாலும் கேபினில் இருப்பவன்போல
குனிந்து பார்த்துத்தான் பேசுவான்.

"உனக்கு ரிலீஸ் கொடுத்தாச்சு" என்றார்
மேனேஜர் வேலவேந்தன்.
அந்த ஒரு சொல்லுக்காக
கம்பெனி வாசலில் வருஷக்கணக்காய் நிற்பவர்கள் இருக்கிற ஊர் இது.
ரெமி சிரிக்கவில்லை.
நீல ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்,
நான்காம் எண் மேலே தெரிய.

"வளையத்துக்கு அடியில ஆள் இல்லாம
எத்தனை நாள் பொழைப்பீங்க?" என்பான் சிக்கந்தர்.
தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன்,
எதையும் கொள்ளளவில்தான் அளப்பான்.
"ரீபவுண்ட் கூடியிருக்கா இல்லையா? நோட்டைத் திற."
திறந்தேன். கூடியிருக்கிறது.
"தோத்த ரெண்டும் யார்கிட்ட? சால்மியா, சல்வா.
பழைய ஒன்பதுல நாலு, அந்த ஆஸ்பத்திரி டீம்.
நைட் டியூட்டி முடிச்சு
கொட்டாவியோட வந்தவனுங்க.
அதெல்லாம் ஒரு கணக்கா?"

அய்யாக்கண்ணு ஏ.சி. மெக்கானிக்.
"சத்தம் வராம ஓடுற வரைக்கும்
கம்ப்ரஸரை எவனும் பார்க்க மாட்டான்" என்பதோடு
ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான்.

அமலதாசன் எதுவும் சொல்வதில்லை.
இடது மூலையிலிருந்து எறிகிறவன் அவன்.
முன்பெல்லாம் அவன் கை உயரும்போதே
பந்து அங்கே இருக்கும்.
இப்போது கையை உயர்த்தி, இறக்கி, மறுபடி உயர்த்தி,
ஷுவைக் குனிந்து பார்க்கிறான்.
என் நோட்டில்
எறிந்ததற்குக் கட்டம் உண்டு, தவறியதற்கு உண்டு.
எறியாமல் நின்றதற்கு இல்லை.

இன்று அரையிறுதி. எதிரே அபு ஹலிஃபா.
பச்சைச் சட்டையில் ரெமி.
பள்ளிக்கூட மைதானத்தில் புழுதிக் காற்று,
பல்லில் மணல் கடிபடுகிறது.
அறுபத்தொன்று, அறுபது. அவர்கள் மேலே.
பதினெட்டு நொடி.
பந்து ரெமி கையில்.
சும்மா வைத்திருந்தால் போதும்.
எங்கள் ஆட்கள் இருவர் மேலே விழ,
எம்பினான், பார்க்கவில்லை,
இடது மூலைக்கு வீசினான்.

மூலையில் அமலதாசன்.
எங்கள் நீலத்தில்.
கைகள் ஏற்கெனவே மேலே.

பந்து வலையில் விழுந்த பிறகும்
யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல்
ஒரு நொடி மைதானம் சும்மா நின்றது.

விதிப்படி எழுதினேன்:
அபு ஹலிஃபா, ரெமிஜியுஸ், பந்தை இழந்தது, ஒன்று.
பிறகு எங்கள் பக்கத்தில்
ஸ்கேல் வைத்து அடித்திருந்த அவன் பெயருக்கு நேரே
பென்சிலால், சின்னதாக,
உதவி: ஒன்று.

"பார்த்தியா? கொடுத்தது எவ்வளவு சரி!
அங்க இருந்தும் நமக்குத்தான் போடுறான்"
வேன் கிளம்புமுன்பே சிக்கந்தர் ஆரம்பித்துவிட்டான்.
"இங்கேயே இருந்திருந்தா
பதினெட்டு நொடி வரைக்கும் வந்திருக்காதுடா."
"குர்பாஸ் இன்னைக்குப் பதினாலு ரீபவுண்ட்.
அது யார் அப்பன் வீட்டுக் கணக்கு?"

அமலதாசன் வேனில் ஏறவில்லை.
மைதானத்து வாசலில் கடக் சாயா கடை.
காகிதக் கோப்பையோடு ரெமி.
அவனை விட்டுவிட்டு
அபு ஹலிஃபா வண்டி எப்போதோ போய்விட்டது.
இருவரும் பேசிக்கொள்வது கேட்கவில்லை.
ரெமியின் இடது கை மட்டும்
திரும்பத் திரும்ப ஒரு மூலையைக் காட்டுகிறது.

நோட்டு என் மடியில்.
நாளை லீக் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.
ரப்பர் பையில்தான் இருக்கிறது.

கடைசி ஸீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க,
தூங்குகிறான் குர்பாஸ்.
தமிழ் தெரியாது.
சண்டையில் தன் பெயர் வரும்போதெல்லாம்
கண் திறக்காமல்
"ஹாஞ்ஜி" என்கிறான்.